காணாமல் போன சீரியல் போர்ட்டைக் கண்டுபிடிப்பது எப்படி?

“அண்ணே, லேபிள் அடிக்க மாட்டேங்குது. போர்ட் இல்லைன்னு வருது.”

இரவு ஷிஃப்டில் பராமரிப்புப் பிரிவுக்கு இப்படி ஓர் அழைப்பு வந்தால், அதன் பின்னால் ஒரு லாரி காத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையுள்ள உதிரிபாக ஆலைகள், பெரிய கார், லாரி, பைக் ஆலைகளுக்கு நேரம் குறித்துப் பொருள் அனுப்புபவை. பார்கோடு லேபிள் ஒட்டாத பெட்டியை எதிர்முனையில் ஏற்க மாட்டார்கள். பாகம் பழுதில்லாமல் வந்திருக்கும், அளவும் சரியாக இருக்கும். ஆனாலும் லேபிள் பிரிண்டர் கணினியோடு பேசாவிட்டால் அன்றைய உழைப்பு கேட்டைத் தாண்டாது.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010-இலும், பாரத்பென்ஸ் லாரிகளைச் செய்யும் டெய்ம்லர் ஆலை 2012-இலும் திறக்கப்பட்டன. இவற்றை நம்பி வளர்ந்த சிறு, நடுத்தர ஆலைகளில் வெவ்வேறு காலத்து இயந்திரங்கள் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. இயந்திரம் இருபது ஆண்டு உழைக்கும்; அதனோடு பேசும் கணினியை அதற்குள் மூன்று நான்கு முறை மாற்றிவிடுவோம். எடைக்கருவி, டார்க் கன்ட்ரோலர், லீக் டெஸ்டர், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் விஎஃப்டி ஆகியவை பேசுவது பெரும்பாலும் 1960-இல் வந்த ஆர்எஸ்-232 அல்லது 1983-இல் வந்த ஆர்எஸ்-485 வழியாகத்தான். அவற்றின் மேல் ஓடும் மோட்பஸ் 1979-இல் வந்தது. புதுக் கணினியிலோ இவற்றை மாட்டும் 9 பின் சீரியல் போர்ட் இருப்பதில்லை. ஆகவே நடுவில் ஒரு யுஎஸ்பி கன்வெர்ட்டர் வந்து உட்காருகிறது. போர்ட் காணாமல் போவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

இந்த அத்தியாயத்தில் நீங்கள் பழக வேண்டியது ஒன்றே ஒன்று: எதையும் மாற்றுவதற்கு முன் லினக்ஸின் மையமான கெர்னலைக் கேளுங்கள். அது கண்டது, காணாதது, கண்டும் கைவிட்டது எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதி வைக்கிறது. முதல் வேலையாகக் கணினியை அணைத்துப் போட்டால் அந்தக் குறிப்பு கைநழுவிவிடும். காரணம் தெரியாமல் சரியானது காரணம் தெரியாமலே மறுபடி நிற்கும். அப்போது பழி கடைசியாகத் தொட்ட ஆபரேட்டர் மேல் விழும். ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்தப் பழி வேலையையே பறிக்கலாம். அதனால் சரியாகத் தேடுவது இயந்திரத்துக்கு மட்டும் செய்யும் நன்மை இல்லை.

கட்டளைகளைப் படிக்கும் முறை

கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில், ஃபோனில் ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொல்வது போலவே தருகிறோம். எழுத்தெழுத்தாகத் தட்டுங்கள். கட்டளைகள் எல்லாம் சிற்றெழுத்து. போர்ட் பெயர்களில் ‘டிடிஒய்’ சிற்றெழுத்து. அதை அடுத்து வரும் ‘யுஎஸ்பி’, ‘ஏசிஎம்’, ‘எஸ்’ ஆகியவை பேரெழுத்து. லினக்ஸுக்கு இந்த வேறுபாடு முக்கியம். எழுத்தின் அளவை மாற்றித் தட்டினாலும் ‘அப்படி ஒன்று இல்லை’ என்றே பதில் வரும். போர்ட் உண்மையிலேயே காணவில்லையா, பெயரைத் தவறாகத் தட்டினோமா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

போர்ட்டுக்குப் பெயர் எப்படி வருகிறது

/டெவ் அடைவில் தெரியும் ஒவ்வொரு பெயரும் ஒரு சங்கிலியின் கடைசிக் கண்ணி. யுஎஸ்பி கன்வெர்ட்டரைச் செருகினால் நடப்பது இது:

1. கன்வெர்ட்டருக்கு மின்சாரம் கிடைக்கிறது. தகவல் கம்பிகள் இணைகின்றன.
2. கெர்னல் அதனிடம் “நீ யார்?” என்று கேட்கிறது. கன்வெர்ட்டர் தன் தயாரிப்பாளர் எண்ணையும் பொருள் எண்ணையும் சொல்கிறது.
3. அந்த எண் ஜோடிக்கு உரிய டிரைவரைக் கெர்னல் தேடி இணைக்கிறது.
4. டிரைவர் ஒரு சீரியல் போர்ட்டைப் பதிவு செய்கிறது. /டெவ் அடைவில் பெயர் தோன்றுகிறது. அதற்கு உரிமையும் கூடுதல் பெயர்களும் கொடுப்பது யுடெவ்.
5. உங்கள் மென்பொருள் அந்தப் பெயரைத் திறக்கிறது.

ஆபரேட்டரின் திரையில் தெரிவது ஐந்தாவது படியின் தோல்வி மட்டுமே. அறுந்த கண்ணி ஐந்தில் எதுவாகவும் இருக்கலாம். ஆகவே தேடுவதைக் கீழிருந்து, ஒன்றாம் படியிலிருந்து தொடங்குங்கள்.

தொடுவதற்கு முன் மூன்று வேலைகள்

முதலில் லைன் சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள். ஓடும் லைனில் கேபிளை உருவினால் இயந்திரம் எப்படி நடந்துகொள்ளும் என்பது உங்களுக்குத் தெரியாது. பேனலைத் திறக்க வேண்டுமென்றால் மின்சாரத்தைத் துண்டித்து, பூட்டுப் போட்டு, அட்டை மாட்டிய பிறகே திறங்கள்.

அடுத்து, கெர்னல் பதிவை ஒரு கோப்பில் சேமியுங்கள். டி, எம், இ, எஸ், ஜி என்று தட்டும் டிமெசேஜ் கட்டளையைச் ‘சூடோ’வுடன் கொடுங்கள், ‘-டி’ என்று பேரெழுத்தில் சேர்த்தால் கடிகார நேரமும் வரும். கணினியை யாராவது ஏற்கெனவே அணைத்துப் போட்டிருந்தால் ‘ஜர்னல்சிடிஎல் -கே -பி -1’ கொடுத்துப் பாருங்கள். பதிவுகளை வட்டில் வைக்கும்படி அமைத்த கணினிகளில் முந்தைய இயக்கத்தின் கெர்னல் பதிவு அதில் கிடைக்கும். நேற்று போர்ட் இருந்ததா, எந்த நிமிடத்தில் போனது என்பதை அதுவே சொல்லிவிடும்.

மூன்றாவதாக, ஆபரேட்டரிடம் பேசுங்கள். “என்னப்பா செஞ்ச?” என்று கேட்டால் அவர் பயந்து வாயை மூடிக்கொள்வார். “கடைசியா எப்போ ஓடுச்சு? அதுக்கப்புறம் இங்க என்ன மாறுச்சு?” என்று கேளுங்கள். துப்புரவுக்காக மேசையை நகர்த்தினார்கள், ஃபோன் சார்ஜ் போட ஒரு கேபிளை எடுத்து மாட்டினார்கள், மதியம் ஐடி பிரிவு அப்டேட் போட்டது என்று பாதி விடை அங்கேயே கிடைக்கும்.

படி 1: கேபிளும் மின்சாரமும்

‘டிமெசேஜ் -டபிள்யூ’ கொடுத்தால் புதிய செய்திகள் வரவரத் திரையில் ஓடும். அதைத் திறந்து வைத்துக்கொண்டு கன்வெர்ட்டரை உருவி மீண்டும் செருகுங்கள். ஒரு வரிகூட வராவிட்டால் கெர்னலுக்கு அந்தப் பொருள் வந்ததே தெரியவில்லை. டிரைவரையோ மென்பொருளையோ இப்போது தொடாதீர்கள். குறை கம்பியில், போர்ட்டில் அல்லது கன்வெர்ட்டரில் இருக்கிறது.

தனிக் கேபிளால் இணையும் கருவி என்றால் முதலில் அந்தக் கேபிளைச் சந்தேகியுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்களில் தகவல் கம்பிகளே இருக்காது. விளக்கு எரியும், கணினிக்கு ஒன்றும் தெரியாது. பிறகு கணினியின் வேறொரு போர்ட்டில், ஹப் இல்லாமல் நேரடியாகச் செருகிப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் அதே கன்வெர்ட்டரை வேறு கணினியில் போட்டுப் பாருங்கள்.

எடைமேடையை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். லாரி எடைமேடை வாசலருகே வெட்டவெளியில் இருக்கும். அதன் இண்டிகேட்டரிலிருந்து செக்யூரிட்டி அறைக்கோ ஸ்டோருக்கோ நீண்ட கேபிள் ஓடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழைக்காலத்தில் பக்கத்தில் இடி விழுந்தால் அந்த நீளக் கம்பியில் எழும் மின்னழுத்தம் கன்வெர்ட்டரின் சிப்பைக் கொன்றுவிடும். சில நேரம் கணினியின் யுஎஸ்பி போர்ட்டும் சேர்ந்து போகும். இடியிரவுக்கு மறுநாள் காலையில் கெர்னல் மௌனமாக இருந்தால் கன்வெர்ட்டரை மாற்றுங்கள். மாற்றும்போது மின்காப்பு உள்ள கன்வெர்ட்டரையே போடுங்கள். இரு பக்கத்துக்கும் நேரடி மின்தொடர்பு இல்லாததால் கணினிக்குப் பெரும் பாதுகாப்பு. கட்டடத்துக்குக் கட்டடம் எர்த் அழுத்தம் மாறும் இடங்களிலும் அது உதவும்.

படி 2: கெர்னல் கண்டுகொண்டதா

எல்எஸ்யுஎஸ்பி கட்டளை, இணைந்துள்ள யுஎஸ்பி பொருள்களை எண் ஜோடியோடு பட்டியலிடும். நம் பகுதியில் அடிக்கடி கைக்கு வரும் நான்கைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்:

– 0403:6001 என்றால் எஃப்டிடிஐ சிப், டிரைவர் எஃப்டிடிஐ_எஸ்ஐஓ.
– 067பி:2303 என்றால் ப்ரோலிஃபிக் சிப், டிரைவர் பிஎல்2303.
– 1ஏ86:7523 என்றால் சிஎச்340 சிப், டிரைவர் சிஎச்341.
– 10சி4:இஏ60 என்றால் சிலிக்கான் லேப்ஸ் சிப், டிரைவர் சிபி210எக்ஸ்.

இந்த நான்கும் டிடிஒய்யுஎஸ்பி0, டிடிஒய்யுஎஸ்பி1 என்ற வரிசையில் பெயர் பெறும். ஆர்டுயினோ ஊனோ போன்றவையும் பல பார்கோடு ஸ்கேனர்களும் சிடிசி_ஏசிஎம் டிரைவரின் கீழ் டிடிஒய்ஏசிஎம்0 என்று வரும். மென்பொருளில் ‘யுஎஸ்பி0’ என்று எழுதிவிட்டு ‘ஏசிஎம்0’ ஆக வந்த கருவியைக் காணோம் என்று தேடக் கூடாது.

எல்எஸ்யுஎஸ்பி பட்டியலில் பொருள் இல்லை, ஆனால் டிமெசேஜில் பிழை வரிகள் வருகின்றன என்றால் அந்தப் பிழை எண்ணைப் படியுங்கள். ‘-71’ என்பது பேச்சு நடுவில் சிதைந்ததைக் குறிக்கும். ‘-110’ என்பது பதிலுக்குக் காத்திருந்து நேரம் முடிந்ததைக் குறிக்கும். இரண்டுக்கும் வழக்கமான காரணங்கள் மோசமான கேபிள், தளர்ந்த செருகி, மின்சாரம் போதாத ஹப் ஆகியவை.

ஆலைகளுக்கென்றே எழுதியது போன்ற ஒரு வரியும் கெர்னலில் உண்டு. யுஎஸ்பி ஹப் ஒரு போர்ட்டைத் தானாக முடக்கிவிட்டால், ‘ஹப்பால் முடக்கப்பட்டது’ என்று சொல்லி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘இஎம்ஐ’ என்று ஒரு கேள்விக்குறியோடு கெர்னல் எழுதும். மின்காந்தக் குறுக்கீடோ என்று அதுவே சந்தேகப்படுகிறது. இந்த வரியைப் பார்த்தால் நேரத்தைக் குறித்துக்கொண்டு சுற்றிலும் பாருங்கள். அந்த நிமிடத்தில் வெல்டிங் ரோபோ ஓடியதா, பெரிய மோட்டார் கிளம்பியதா, விஎஃப்டியின் மோட்டார் கேபிளும் யுஎஸ்பி கேபிளும் ஒரே டிரேயில் படுத்திருக்கின்றனவா?

இதற்கு மருந்து மென்பொருளில் இல்லை. யுஎஸ்பி 2.0 கேபிள் 5 மீட்டரைத் தாண்டக் கூடாது. தூரம் வேண்டுமென்றால் கன்வெர்ட்டரைக் கணினியின் அருகில் வைத்து, நீளத்தைச் சீரியல் பக்கத்தில் கொடுங்கள். ஆர்எஸ்-232 ஏறத்தாழ 15 மீட்டர் வரை பாதுகாப்பாக ஓடும். அதற்கும் மேல் என்றால் ஆர்எஸ்-485. குறைந்த வேகத்தில் 1,200 மீட்டர் வரை போகும். பவர் கேபிளும் சிக்னல் கேபிளும் வெவ்வேறு டிரேயில் போகட்டும். சந்தித்தே ஆக வேண்டிய இடத்தில் குறுக்காகச் சந்திக்கட்டும்.

படி 3: டிரைவர் இணைந்ததா

பட்டியலில் எண் ஜோடி இருக்கிறது, /டெவ் அடைவில் பெயர் இல்லை. இப்போதுதான் டிரைவரைப் பார்க்க வேண்டிய நேரம். ‘எல்எஸ்யுஎஸ்பி -டி’ கொடுங்கள், ‘டி’ சிற்றெழுத்து. பொருள்கள் மரம் போல விரியும். ஒவ்வொன்றுக்கும் எதிரே டிரைவர் பெயர் வரும். அந்த இடம் வெறுமையாக இருந்தால் டிரைவர் இணையவில்லை. அதற்குக் காரணங்கள் சில.

*அப்டேட் ஆனது, ரீபூட் ஆகவில்லை.* ‘யுநேம் -ஆர்’ சொல்லும் கெர்னல் பதிப்பின் பெயரில் /லிப்/மாட்யூல்ஸ் அடைவுக்குள் ஓர் அடைவு இருக்க வேண்டும். அப்டேட்டின்போது பழைய அடைவு நீங்கியிருந்தால், ஓடிக்கொண்டிருக்கும் பழைய கெர்னலுக்கு டிரைவரை எங்கிருந்து எடுப்பதென்று தெரியாது. அதுவரை செருகியிருந்த கருவி ஓடிக்கொண்டே இருக்கும். புதிதாகச் செருகியது மட்டும் வராது. இந்த ஒரு நிலையில் ரீபூட் செய்வதே சரியான தீர்வு.

*சிறிதாக்கிய கெர்னல்.* மெய்நிகர் கணினிகளுக்காகச் சுருக்கிய உபுண்டு கெர்னலில் யுஎஸ்பி சீரியல் டிரைவர்கள் தனித் தொகுப்பாக இருக்கும். ‘மோட்ப்ரோப் எஃப்டிடிஐ_எஸ்ஐஓ’ கொடுத்து ‘கிடைக்கவில்லை’ என்று வந்தால் அந்தக் கூடுதல் மாட்யூல் தொகுப்பை நிறுவுங்கள்.

*செக்யூர் பூட்.* பல போர்ட் கார்டுகளுக்குத் தயாரிப்பாளர் தரும் டிரைவரை நாமே கம்பைல் செய்து சேர்த்திருப்போம். செக்யூர் பூட் இயங்கும் கணினியில் கையொப்பமில்லாத டிரைவரைக் கெர்னல் ஏற்காது. டிமெசேஜில் அதுவும் எழுதப்பட்டிருக்கும்.

*வேறொரு சேவை பிடுங்கிக்கொண்டது.* 2022 ஏப்ரலில் வந்த உபுண்டு 22.04-இல் சிஎச்340 கன்வெர்ட்டரைச் செருகினால், டிடிஒய்யுஎஸ்பி0 தோன்றிய கணமே மறையும். டிமெசேஜில் ‘பிஆர்எல்டிடிஒய்’ என்ற பெயர் தெரியும். அது பார்வையற்றோர் பயன்படுத்தும் பிரெயில் திரைகளை இயக்கும் சேவை. ஒரு பிரெயில் கருவியும் 1ஏ86:7523 என்ற அதே எண்ணோடு வருவதால், நம் கன்வெர்ட்டரைப் பிரெயில் திரை என்று அது எடுத்துக்கொள்கிறது. அந்தக் கணினியில் யாரும் பிரெயில் பயன்படுத்தவில்லை என்று உறுதிசெய்துகொண்டு தொகுப்பை நீக்கலாம். பயன்படுத்துபவர் இருந்தால் யுடெவ் விதியில் அந்த ஒரு எண் ஜோடிக்கான வரியை மட்டும் முடக்குங்கள். ஒருவரின் வேலைக்கருவியை அறுத்துவிட்டு இன்னொருவரின் கருவியை இயக்கக் கூடாது.

*போலி சிப்.* ரிச்சி தெருவிலோ இணையத்திலோ வாங்கும் கன்வெர்ட்டரின் மேல்மூடி உள்ளே இருக்கும் சிப்பைக் காட்டாது. 2014 அக்டோபரில் விண்டோஸ் அப்டேட் வழியே வந்த ஓர் எஃப்டிடிஐ டிரைவர், போலி சிப்களின் பொருள் எண்ணை 0000 ஆக மாற்றிவிட்டது. அவை அதன்பின் பழைய லினக்ஸ் கெர்னல்களிலும் அடையாளம் தெரியாத பொருள்களாயின; பிறகு வந்த கெர்னல்களில் அந்த எண்ணையும் சேர்த்தார்கள். எல்எஸ்யுஎஸ்பியில் 0403:0000 என்று கண்டால் காரணம் இதுதான். உற்பத்தி லைனுக்கு வாங்கும்போது, நம்பகமான விற்பனையாளரிடம் ஒரே வகைச் சிப்பையே தொடர்ந்து வாங்குங்கள். ஒன்றிரண்டு உபரியாக ஸ்டோரில் இருக்கட்டும்.

*ஸ்கேனர் விசைப்பலகையாகிவிட்டது.* பார்கோடு ஸ்கேனர்கள் இரண்டு விதமாக வேலை செய்யும்: விசைப்பலகை போல எழுத்துகளைத் தட்டும், அல்லது சீரியல் போர்ட்டாகப் பேசும். வாங்கியபோது பெரும்பாலும் விசைப்பலகை நிலையிலேயே இருக்கும். ஃபேக்டரி ரீசெட் பார்கோடு தவறுதலாக ஸ்கேன் ஆனாலும் அந்நிலைக்கே திரும்பும். அப்போது டிடிஒய்ஏசிஎம்0 வராது. டிரைவர் இடத்தில் ‘யுஎஸ்பிஎச்ஐடி’ என்று இருக்கும். கையேட்டில் உள்ள சீரியல் நிலைக்கான பார்கோடை ஸ்கேன் செய்தால் போர்ட் வந்துவிடும். அந்தப் பக்கத்தை லேமினேட் செய்து பேனல் கதவின் உட்புறம் ஒட்டி வையுங்கள்.

படி 4, 5: பெயர் இருக்கிறது, மென்பொருளுக்குத் தெரியவில்லை

*எண் மாறியது.* டிடிஒய்யுஎஸ்பி0 என்பது வரிசையில் நிற்பவருக்குக் கொடுக்கும் டோக்கன் எண் போன்றது. யார் முதலில் வந்தாரோ அவருக்கு 0. மென்பொருள் போர்ட்டைத் திறந்து வைத்திருக்கும்போது கேபிள் ஒரு கணம் விட்டுச் சேர்ந்தால், பழைய எண் இன்னும் பிடியில் இருப்பதால் அதே கருவி டிடிஒய்யுஎஸ்பி1 ஆக வரும். மென்பொருளோ 0-இலேயே தேடிக்கொண்டிருக்கும். உடனடித் தீர்வு மென்பொருளை மூடி, கேபிளை மறுபடி செருகித் திறப்பது. நிலையான தீர்வைப் பின்னால் சொல்கிறோம்.

*உரிமை இல்லை.* உபுண்டு, டெபியன், ஃபெடோராவில் சீரியல் போர்ட் ‘டயல்அவுட்’ குழுவுக்கு உரியது; ஆர்ச் லினக்ஸில் ‘யுயுசிபி’. ‘எல்எஸ் -எல்’ கொடுத்தால் எந்தக் குழு என்று தெரியும். ‘சூடோ யூசர்மோட் -ஏஜி டயல்அவுட்’ என்று கொடுத்து, அடுத்துப் பயனர் பெயரைச் சேருங்கள். ‘ஏ’ சிற்றெழுத்து, ‘ஜி’ பேரெழுத்து. ‘ஏ’ விடுபட்டால் அந்தப் பயனர் சேர்ந்திருந்த மற்றக் கூடுதல் குழுக்கள் எல்லாம் போய்விடும். பயனர் வெளியேறி மீண்டும் நுழைந்தால்தான் மாற்றம் செயலுக்கு வரும். போர்ட்டை எல்லோருக்கும் திறந்துவிடும் ‘சிஎச்மோட் 777’ வழியை நாடாதீர்கள். அடுத்த முறை கேபிளைச் செருகியதும் அந்த உரிமை மறைந்துபோகும்.

*வேறு யாரோ பிடித்திருக்கிறார்கள்.* ‘ஃப்யூசர் -வி’ கொடுத்துப் போர்ட் பெயரைச் சேர்த்தால் எந்த நிரல் அதை வைத்திருக்கிறது என்று தெரியும். பழைய மென்பொருளின் மூடப்படாத நகல் ஒன்று பின்னணியில் இருக்கலாம். மோடம்மேனேஜர் என்ற சேவையும் இருக்கலாம். அது புதிய போர்ட்டைக் கண்டால் மோடமோ என்று பார்க்கச் சில கட்டளைகளை அனுப்பிப் பார்க்கும். உற்பத்திக் கணினியில் மோடம் எதுவும் இல்லையென்றால் அந்தச் சேவையை நிறுத்திவிடுங்கள். யாரும் கேட்காத கட்டளைகள் டார்க் கன்ட்ரோலருக்குப் போவது நல்லதில்லை.

*நடுவில் ஒரு சுவர்.* மென்பொருள் டாக்கர் கன்டெய்னருக்குள் ஓடினால், வெளியே தெரியும் போர்ட் உள்ளே தானாகத் தெரியாது. கன்டெய்னரைத் தொடங்கும்போதே அதைக் கொடுக்க வேண்டும். தொடங்கிய பிறகு செருகியதும், உருவிச் செருகியதும் உள்ளே வராது. விர்ச்சுவல்பாக்ஸ் என்றால் பயனர் ‘விபாக்ஸ்யூசர்ஸ்’ குழுவில் இருக்கிறாரா என்று பாருங்கள்.

கணினியிலேயே உள்ள 9 பின் போர்ட்

தொழிற்துறைக் கணினிகளில் இந்தப் போர்ட் இன்றும் வருகிறது, பெயர் டிடிஒய்எஸ்0. இங்கே சிக்கல் தலைகீழ்: பெயர் இருக்கும், போர்ட் இருக்காது. லினக்ஸ் கெர்னல் பொதுவாக நான்கு பெயர்களை முன்கூட்டியே உருவாக்கி வைக்கிறது. உண்மையில் சிப் இருக்கிறதா என்று அறிய /ப்ராக்/டிடிஒய்/டிரைவர்/சீரியல் கோப்பைச் ‘சூடோ’வுடன் படியுங்கள். ‘16550ஏ’ என்று இருந்தால் சிப் உண்டு; ‘அன்நோன்’ என்று இருந்தால் அந்தப் பெயருக்குப் பின்னால் ஒன்றுமில்லை.

இருக்க வேண்டிய போர்ட் ‘அன்நோன்’ என்று வந்தால் பயாஸைப் பாருங்கள். பயாஸ் பேட்டரி தீர்ந்து அமைப்புகள் ஆரம்ப நிலைக்குத் திரும்பியிருந்தால் சீரியல் போர்ட் முடங்கியிருக்கலாம். ஆர்எஸ்-232, 485 தேர்வும் மாறியிருக்கலாம். முதல் போர்ட்டின் வழக்கமான முகவரி 3எஃப்8, குறுக்கீட்டு எண் 4. இரண்டாவதற்கு 2எஃப்8, எண் 3.

நான்கு அல்லது எட்டு போர்ட் கார்டு போட்டும் சில மட்டும் தெரிகின்றனவா? ‘எல்எஸ்பிசிஐ’யில் கார்டு வருகிறதா என்று முதலில் பாருங்கள். வந்தால், பெயர்களின் எண்ணிக்கை நான்கோடு நின்றிருக்கலாம். கெர்னல் தொடக்க வரியில் ‘8250.என்ஆர்_யுஏஆர்டிஎஸ்=8’ என்று சேர்த்துத் தொடங்கினால் மீதிப் போர்ட்டுகளுக்கும் இடம் கிடைக்கும்.

பிற யுனிக்ஸ் கணினிகள்

ஃப்ரீபிஎஸ்டியில் பெயர்கள் வேறு. உள்போர்ட் ‘சியுஏயு0’, யுஎஸ்பி கன்வெர்ட்டர் ‘சியுஏயு0’ என்றே ஒலித்தாலும் கடைசி ‘யு’ பேரெழுத்து. ‘டிடிஒய்’ என்று தொடங்கும் இணைப் பெயர்கள் உள்வரும் அழைப்புக்கானவை. மென்பொருளில் ‘சியுஏ’ பெயரையே கொடுங்கள். உரிமைக்குரிய குழு ‘டயலர்’. மேக்கில் ‘சியு.’ என்று தொடங்கும் பெயரைக் கொடுங்கள், ‘டிடிஒய்.’ பெயரைத் திறந்தால் எதிர்முனையின் சிக்னலுக்காகக் காத்து நிற்கும். பெயர்கள் மாறினாலும் கம்பி, அடையாளம், டிரைவர், பெயர், பயன்பாடு என்ற வரிசை மாறாது.

இனி காணாமல் போகாதிருக்க

மென்பொருளில் டிடிஒய்யுஎஸ்பி0 என்று எழுதுவதை இன்றோடு நிறுத்துங்கள். /டெவ்/சீரியல்/பை-ஐடி அடைவில் ஒவ்வொரு கன்வெர்ட்டரும் தயாரிப்பாளர் பெயர், வரிசை எண்ணோடு தெரியும். எந்த ஓட்டையில் செருகினாலும் அந்தப் பெயர் மாறாது. வரிசை எண் உள்ள கன்வெர்ட்டர்களுக்கு அதையே கொடுங்கள்.

சிஎச்340 சிப்புகளில் பொதுவாக வரிசை எண் இருப்பதில்லை. ஒரே கணினியில் இரண்டைச் செருகினால் எது எது என்று பிரிக்க முடியாது. அப்போது /டெவ்/சீரியல்/பை-பாத் உதவும். அது எந்த ஓட்டையில் செருகியிருக்கிறது என்பதை வைத்துப் பெயர் தருகிறது. அந்த ஓட்டையில் ‘எடைக்கருவி மட்டும்’ என்று லேபிள் ஒட்டிவிடுங்கள்.

இன்னும் தெளிவு வேண்டுமென்றால் யுடெவ் விதி எழுதுங்கள். /ஈடிசி/யுடெவ்/ரூல்ஸ்.டி அடைவில் ஒரு சிறு கோப்பு போதும். அதில் மூன்று செய்திகள் இருக்கும்: இது டிடிஒய் வகைப் பொருள், அதன் வரிசை எண் இது, இதற்கு இந்தக் கூடுதல் பெயரைக் கொடு. ‘டார்க்_லைன்2’, ‘எடை_டிஸ்பாட்ச்’ என்று வேலையைச் சொல்லும் பெயராக வையுங்கள். ‘யுடெவ்ஏடிஎம் கன்ட்ரோல் --ரீலோட்’ கொடுத்துவிட்டுக் கேபிளை மறுபடி செருகினால் புதுப் பெயர் வந்துவிடும்.

போர்ட் வந்ததும் இயந்திரத்தை மாட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஆர்எஸ்-232 முனையில் 2-ஆம் பின்னையும் 3-ஆம் பின்னையும் ஒரு சிறு கம்பியால் இணைத்து, மினிகாம் நிரலில் ஹார்டுவேர் ஃப்ளோ கன்ட்ரோலை நிறுத்திவிட்டு எழுத்துகளைத் தட்டுங்கள். தட்டியது திரும்பி வந்தால் கணினியும் கன்வெர்ட்டரும் நன்றாக இருக்கின்றன. அதற்குப் பிறகும் இயந்திரம் பேசாவிட்டால் வேகம், பாரிட்டி, கேபிளின் பின் இணைப்பு ஆகியவற்றைப் பாருங்கள்.

பதிவேட்டில் எழுத வேண்டியவை

வேலை முடிந்ததும் ஷிஃப்ட் பதிவேட்டில் ஆறு செய்திகளை எழுதுங்கள்:

1. போர்ட் போன நேரம், டிமெசேஜ் சொன்னபடி.
2. எந்தப் படியில் அறுந்திருந்தது: கம்பி, அடையாளம், டிரைவர், பெயர், பயன்பாடு.
3. அதற்குச் சான்றான பதிவு வரி, உள்ளது உள்ளபடி.
4. கன்வெர்ட்டரின் எண் ஜோடியும் வரிசை எண்ணும்.
5. செய்த மாற்றம், மாற்றிய கோப்பின் பெயர்.
6. நிலையான தீர்வு முடிந்ததா, மீதமிருக்கிறதா.

“கேபிள் சரிசெய்யப்பட்டது” என்று ஒற்றை வரி எழுதினால் அடுத்த ஷிஃப்டில் வருபவர் முதலிலிருந்து தேட வேண்டும். “இரவு 2:14-க்கு ஹப் போர்ட் முடங்கியது, அதே நேரம் வெல்டிங் செல் 3 கிளம்பியது, கேபிளை வேறு டிரேக்கு மாற்ற வேண்டும்” என்று எழுதினால் காலையில் வரும் பொறியாளருக்குச் செய்ய வேண்டிய வேலை கையில் இருக்கும், இரவு அந்த மேசையில் இருந்த ஆபரேட்டர் மேல் கேள்வி எழாது. பாலிடெக்னிக் முடித்துப் பயிற்சிக்கு வந்திருக்கும் தம்பி, தங்கைகளை அடுத்த முறை பக்கத்தில் உட்கார வைத்து, விசைப்பலகையை அவர்கள் கையில் கொடுத்து, ஐந்து படிகளையும் அவர்களையே செய்யச் சொல்லுங்கள். இரண்டு பழுதுகளை இப்படித் தாமே தேடிப் பிடித்தால் மூன்றாவதற்கு அவர்கள் உங்களை எழுப்ப மாட்டார்கள்.